கிழக்கு மண்டலம் வலமாகச் சுற்றும்

நான் இயற்பியல் படித்தவள். நன்றாகவே படித்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்த தப்பைக் கேட்டுவிட்டு, இவள் பட்டத்தை எங்கேயோ விலைக்கு வாங்கியிருப்பாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். செலண்டார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு கனிவு வரும். அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாயே என்பார்கள். செலண்டாரிலிருந்து மலாக்கா டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் நாற்பது நிமிடம். அவ்வளவுதான் தூரம்.

பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஒரு தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சில்லு, கெட்ட சில்லு. வேறெதுவும் இல்லை. நட்சத்திரம் எப்படி எரிகிறது என்று நான்கு வருடம் படித்தவளுக்கு அந்த வேலை. அப்புறம்தான் ‘லங்கிட்’ வந்தது.

லங்கிட் என்றால் மலாயில் வானம். கணினியில் விளையாடும் விண்வெளிப் போர் விளையாட்டு. டவுனில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் வைத்து அதைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ் கணேஸ்வரன், முப்பத்தெட்டு வயது, பரம்பரை டவுன்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நிரல் எழுதுவது நிவேந்திரன். தங்கா பத்து ஊர்க்காரன், என் வயது, வாய் மட்டும் ரொம்பப் பெரிசு. படம் வரைவது ஃபாரா. அவள் ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம். நான்காவது ஆளாக என்னைச் சேர்த்தார்கள். மூன்று மாதம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் மறுபடியும் நல்ல சில்லு, கெட்ட சில்லு.

விளையாட்டு இப்படித்தான். கையில் ஒரு கோளும் மூன்று கப்பலும் கொடுப்பார்கள். கனிமம் தோண்டி, கப்பல் கட்டி, ஒவ்வொரு விண்மீனாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். கப்பல் போகும் பாதையை மௌஸால் கோடு இழுத்துக் காட்டினால் அது அதே வழியில் போகும். ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் ஓர் ஓட்டம் உண்டு, ஆற்றில் ஓடும் தண்ணீர் மாதிரி. அது போகும் பக்கமே நாமும் சுற்றினால் கப்பலுக்கு வேகம் கூடும். எதிர்த்துப் போனால் எரிபொருள் முழுவதும் தீர்ந்துவிடும். சூரியன் மாதிரிச் சின்ன விண்மீன்களில் இந்த ஓட்டம் இருப்பதே தெரியாது. நடு மண்டலம் முழுக்க அந்த மாதிரிச் சின்னச் சின்ன விண்மீன்கள்தான். பாஸ் செய்தது. சுத்தமாக, ஒழுங்காக, கொட்டாவி வரும்படி இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அப்படியானால் கிழக்கு மண்டலத்தை நீ செய், யாரும் பார்க்காததாகச் செய் என்று காலி வரைபடத்தைக் கொடுத்தார்.

அந்த மூன்று மாதம் நான் பறந்துகொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினொரு விண்மீன் அமைப்புகள் செய்தேன். எல்லாமே வானத்தில் நிஜமாக இருக்கும் வகைகள்தான். ஒன்றோடொன்று தொட்டு ஒரே தோலைப் போர்த்திக்கொண்டு சுற்றும் இரண்டு சூரியன்கள். அதற்கு ‘ரெட்டை வாழைப்பழம்’ என்று பெயர் வைத்தேன். பூமி அளவே இருக்கும் செத்துப்போன வெள்ளை விண்மீன் ஒன்று, பக்கத்தில் இருக்கும் பெரிய விண்மீனின் வாயுவை உறிஞ்சி உறிஞ்சியே பிழைப்பை ஓட்டும். அது ‘வீட்டோட மாப்பிள்ளை’. நொடிக்கு முப்பது தடவை சுற்றிக் கதிரை வீசிக்கொண்டிருக்கும் ஒன்று ‘கிறுக்கி’. புனர்பூசத்தில் ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் ஒரு விண்மீன் உண்மையில் ஆறு விண்மீன்கள், ஒன்றையொன்று விடாமல் சுற்றுகின்றன. அதைப் பார்த்து ஆறு சூரியன் அமைப்பு ஒன்று செய்து ‘ஆறு கதவு லயம்’ என்று எழுதினேன். தோட்டத்து வரிசை வீட்டைத்தான் லயம் என்போம். நடு வீட்டில் குடியிருப்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் பக்கத்து வீட்டு வெளிச்சம், தூங்க முடியாது.

எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சிவப்பு ராட்சசி. திருவாதிரை மாதிரி. திருவாதிரையை நம் சூரியன் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் பூமி, செவ்வாய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும். அவ்வளவு பெரிசு, ஆனால் பஞ்சு மாதிரி லேசு, எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. ஃபாரா அதை வரைந்த விதத்தைப் பார்த்து நான் அரை மணி நேரம் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். நெருப்பில் குளிக்கும் மாதிரி, திரையின் முக்கால்வாசி அதுதான். விளையாட்டிலேயே மிகச் செழிப்பான கனிமமும் அதைச் சுற்றித்தான் வைத்தேன். ‘பெரியநாயகி’ என்று பெயர். விளையாட்டில் பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் போடும் வசதி இருந்தது. தமிழ்ப் பெயர்களை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்று மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, புதன்கிழமை மத்தியானம், நிவேந்திரன் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். பெரியநாயகிக்குள் விட்ட அவன் கப்பல்கள் எல்லாம் எரிபொருள் தீர்ந்து நிற்கின்றனவாம். முதலில் தன் நிரலில்தான் தப்பு என்று காலையிலிருந்து தேடியிருக்கிறான். பிறகுதான் என் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறான்.

“ஷாந்தினி, சூரியனுக்கு வடக்குப் பக்கம் மேலேருந்து பாத்தா கோளுங்க எந்தப் பக்கம் சுத்தும்?”

இடப் பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிராக என்றேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று வேறு கேட்டேன்.

“அப்பறோ ஏன்லா ஒன்னோடது பதினொண்ணும் கடிகாரம் போற பக்கம் சுத்துது? நீ படிச்சது பிசிக்ஸ்தானே, இல்ல வேற ஏதாச்சுமா?”

பார்த்தேன். பதினொன்றும் வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. மூன்று மாதமாகத் தினம் எட்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு தடவைகூட அது தப்பாகத் தெரியவில்லை.

அவன் சிரித்திருந்தால் திட்டியிருப்பேன். அவன் சிரிக்கவில்லை, பாவம் பார்த்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

பாஸ் வந்தார். கணக்கில் கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டுவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டார். ஆகாது. கோள்கள், உடைந்த கப்பல்கள், கற்கூட்டம், எதிரிகள் பதுங்கும் இடம் எல்லாம் அந்த ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்து நான் கையால் வைத்தவை. திருப்பினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதும். மறுபடி அடுக்க மூன்று வாரமாவது பிடிக்கும். எங்களுக்கு இருந்தது மூன்று நாள். சனிக்கிழமை விளையாட்டுச் சோதனை. ஆளுக்கு ஒரு புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து விளையாட வைக்க வேண்டும். அந்தச் சோதனைப் பதிவைப் பார்த்துத்தான் வெளியீட்டாளர் எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்வார்.

நான் சண்டை போட்டேன். விண்வெளியில் மேலே எது, கீழே எது, யார் அங்கே கூரை போட்டு வைத்தார்கள், தெற்குப் பக்கமிருந்து பார்த்தால் இதே வலமாகத்தானே தெரியும், தாய் விண்மீனுக்கு எதிராகச் சுற்றும் கோள்கள்கூட இருக்கின்றனவே என்றேன். எல்லாம் உண்மைதான். பாஸும் உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் விளையாடுகிறவனுக்குத் தெரிவது அவன் திரை மட்டும்தான் என்றார். நடு மண்டலத்தில் இடமாகச் சுற்றிப் பழகிவிட்டு, கிழக்கே வந்ததும் காரணமே தெரியாமல் கப்பல் செத்துப்போனால், விளையாட்டு கெட்டுவிட்டது என்றுதான் அவன் நினைப்பான்.

“மூணு புது ஆளுங்க வராங்க. அதுல ரெண்டு பேர் கெழக்கால மாட்டிக்கிட்டா நான் அந்த மண்டலத்த வெட்டிருவேன் ஷாந்தினி. அதுக்கப்பறோ ஒனக்குக் குடுக்க எங்கிட்ட வேல இல்ல. வெளிப்படையா சொல்லிர்றேன்.”

வெளிப்படையாகச் சொன்னதற்காக அவரை மதித்தேன். கழுத்தை நெரிக்கவும் தோன்றியது.

அன்று வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, எதையும் யோசிக்காமல் ஒரு வட்டம் போட்டேன். கை வலமாகப் போனது. இன்னொன்று. வலமாக. பத்து வட்டம் போட்டும் பத்தும் அப்படித்தான். அப்போதுதான் விளங்கியது. மூன்று வயதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் தோட்டத்துக் கோயிலைச் சுற்றியிருக்கிறேன். அம்மன் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் ஓர் அடி விழும். பிறகு நவக்கிரகத்தை ஒன்பது சுற்று. ஆரத்தித் தட்டு போவது அந்தப் பக்கம். திருஷ்டி சுற்றும் கையும் அப்படித்தான் தொடங்கும். நடுவில் ஒரு பெரிய விஷயம் இருந்தால், அதைச் சுற்றி எதுவாக இருந்தாலும் வலமாகத்தான் போகும் என்று என் கைக்கு நானே அறியாமல் பாடமாகியிருக்கிறது. நான்கு வருட இயற்பியலால் அதை அழிக்க முடியவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கனிவு முகம் மறுபடி வரும்.

சனிக்கிழமைக்கு நான் திலகவதியைக் கூட்டிப்போவதாக இருந்தேன். பள்ளித் தோழி, மருத்துவமனையில் தாதி, எந்த விளையாட்டைக் கொடுத்தாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. வேலை நேரத்தை மாற்றிவிட்டார்களாம். வீட்டில் இருந்தது அம்மா மட்டும்தான்.

அம்மா முத்தாயி, செலண்டாரில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. கைப்பேசியில் காணொளி பார்ப்பாள், குரல் செய்தி அனுப்புவாள். மௌஸைத் தொட்டதே இல்லை. மோட்டாரில் போகும்போதே சொல்லிவைத்தேன், ஒன்றும் பேச வேண்டாம், எதையாவது அமுக்கிக்கொண்டிரு, முடிந்ததும் ஜாசினில் சாப்பிட மீ கோரெங் வாங்கித் தருகிறேன் என்று. நான் என்ன கைப்பிள்ளையா என்று அம்மா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது இருபது நிமிடத் தாமதம். மற்றவர்கள் பயிற்சிப் பாடத்தையே முடித்துவிட்டிருந்தார்கள். நிவேந்திரனின் அத்தை மகன் ஹரிதாஸ், கல்லூரி மாணவன், தன் சொந்த மௌஸைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஃபாரா தன் அக்காவைக் கூட்டிவந்திருந்தாள். நடு மண்டலத்தில் வழக்கம்போல் பாஸே உட்கார்ந்தார். எல்லாச் சோதனையிலும் அவர் அங்கேதான் உட்காருவார், எல்லாச் சோதனையிலும் அவர்தான் ஜெயிப்பார்.

பயிற்சிப் பாடத்தில் கப்பலை விண்மீனைச் சுற்றி இடமாக ஓட்டச் சொல்லித் தருவோம். அம்மாவுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. நானே அதைத் தாண்டிவிட்டேன். கோடு இழுக்கும் வித்தையை மட்டும் கையைப் பிடித்துக் காட்டினேன். மௌஸை அம்மா தோசைக்கரண்டி மாதிரிப் பிடித்தாள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். உதவக் கூடாது என்பது விதி.

அரை மணி நேரத்தில் ஹரிதாஸ் முதல் ஆளாகக் கிழக்கே நுழைந்தான். பெரியநாயகியின் கனிமத்தைப் பார்த்ததும் ஐந்து கப்பலை நேராக உள்ளே விட்டான், பாடத்தில் சொன்னபடி இடமாக. கால் சுற்று முடிவதற்குள் ஐந்தும் நின்றுவிட்டன. மறுபடி ஐந்து. மறுபடி நின்றன. அவன் நாற்காலியில் சாய்ந்து, மச்சான் இது ரோசாக், கெட்டுப்போச்சு என்று நிவேந்திரனிடம் சொன்னான். பாஸ் தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். அது என்னவென்று எனக்குப் பார்க்காமலே தெரியும். ஒன்று.

ஃபாராவின் அக்கா அடுத்து வந்தாள். அவள் ஆள் நிதானம், மெதுவாகத்தான் போனாள், ஆனாலும் அதே இடப் பக்கம். எரிபொருள் பாதிக்கு வந்துவிட்டது. நான் என் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திருகித் திருகி அதன் மூடியே வழுக்கிப் போயிற்று. இன்னும் கால் சுற்று போனால் இரண்டு. இரண்டு ஆனால் மண்டலம் இல்லை, நான் இல்லை.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் மூன்று கப்பல்களும் பெரியநாயகி முன்னால் வந்து நின்றன. மொத்தமே அவளிடம் அந்த மூன்றுதான். அரை மணி நேரத்தில் ஒன்றுகூடக் கட்டவில்லை, எங்கே கட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. விண்மீனுக்கு மேலே தமிழில் அதன் பெயர். அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு மௌஸைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கோடு இழுத்தாள். விண்மீனுக்குள் இல்லை. அதைச் சுற்றி. வலமாக.

கப்பல்கள் நகர்ந்தன. ஒரு சுற்றில் வேகம் இரண்டு மடங்கானது. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டாவது சுற்று இழுத்தாள். எரிபொருள் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாவது சுற்று முடியும்போது அந்த மூன்று கப்பலும் கவணிலிருந்து விட்ட கல் மாதிரிப் பறந்தன. கிறுக்கியைத் தாண்டி, மாப்பிள்ளையைத் தாண்டி, ஆறு கதவு லயத்தில் போய்த்தான் நின்றன. அங்கே அதற்கு முன் யாரும் போனதில்லை. ஆறு சூரியன்களும் ஒரே தடவையில் அம்மாவின் நிறத்துக்கு மாறின. அவளுக்கு நான் மஞ்சள் நிறம் கொடுத்திருந்தேன்.

பிறகு பாஸ், தன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அம்மா பக்கத்தில் குனிந்தார்.

“ஆன்டி, ஏன் சுத்திப் போனீங்க? யாரும் சொல்லிக் குடுத்தாங்களா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பேசாதே என்று சொல்லியிருந்தேனே. நான் தலையசைத்தேன்.

“பெரியநாயகின்னு எழுதிருக்கே தம்பி. இம்மாம் பெருசா ஒக்காந்துருக்கா. ஒரு சுத்துகூட சுத்தாம நேரா எப்படிலா உள்ள போறது? வெளங்குமா?”

பாஸ் மெதுவாக நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் எல்லாம் பொருந்தி வருவதைப் பார்த்தேன். டவுன்காரராக இருந்தாலும் அவரும் கோயில் சுற்றியவர்தானே.

“இதுதானா?”

“இதுதான்,” என்றேன். “மூணு மாசமா எனக்கே தெரியாது. புதன்கிழமதான் கண்டுபிடிச்சேன். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிருங்க.”

அவர் சிரித்தார். நான் பயந்த சிரிப்பு இல்லை அது. தன்னையே பார்த்துச் சிரித்த சிரிப்பு. இத்தனை வருடம் கோயிலுக்குப் போகிறேன், எனக்கு ஏன் இது உறைக்கவில்லை என்று நிவேந்திரனிடம் கேட்டார். அவன், நீங்கள் கோயிலுக்குப் போனாலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டுதானே சுற்றுகிறீர்கள் என்றான்.

இதற்குள் ஃபாராவின் அக்கா அம்மாவின் மஞ்சள் பாதையைத் திரையில் பார்த்துவிட்டாள். ‘ஓ, பூசிங் சானா’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அந்தப் பக்கம் சுற்ற வேண்டுமா என்று கப்பலைத் திருப்பினாள். நின்றுபோகவிருந்த கப்பல் உயிர் பிடித்தது. இரண்டு என்று பாஸ் எழுதவே இல்லை. ஹரிதாஸ் தன்னிடம் மிச்சமிருந்த கடைசிக் கப்பலை வலமாக விட்டுப் பார்த்தான், அது போன வேகத்தில் அவனே வாய்விட்டு ஏதோ சொன்னான். பத்து நிமிடத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று நிறக் கப்பல்களும் பெரியநாயகியைச் சுற்றி வந்துகொண்டிருந்தன, திருவிழாக் கூட்டம் மாதிரி. ஒருவர் மற்றவரை இடிப்பதும், முந்துவதும், யார் முதலில் வெளியே பறப்பது என்று போட்டி போடுவதும். ரோசாக் என்றவன் இப்போது, மச்சான் இத யாரு செஞ்சா, செம்ம லா என்றான். நிவேந்திரன் வாயைத் திறக்காமல் கட்டை விரலால் என்னைக் காட்டினான். அவன் வாயைத் திறக்காமல் இருந்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை நான்கூட எதிர்பார்க்கவில்லை. அம்மாவின் லயத்தைப் பிடிக்க பாஸ் நடு மண்டலத்திலிருந்து இருபது கப்பலை அனுப்பினார். அவருடைய மண்டலத்தின் சின்னச் சின்ன ஓட்டங்கள் எல்லாம் சேர்ந்து இடமாக ஓடுகின்றன, என்னுடையது வலமாக ஓடுகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஓட்டங்கள் ஒன்றையொன்று மோதி, கப்பல்கள் எந்தப் பக்கமும் போக முடியாமல் தள்ளாடின. அந்த எல்லை ஒரு மதில் மாதிரி ஆகிவிட்டிருந்தது. யாரும் கட்டாத மதில். உள்ளே போக வேண்டுமென்றால் எங்கே திரும்புவது, எப்போது திரும்புவது என்று கணக்குப் போட்டுத்தான் போக வேண்டும். எப்போதும் ஜெயிக்கிற பாஸ் அங்கே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குப் புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி இருந்தார். நிவேன், இது ரொம்ப நல்லா இருக்குடா, இத வெச்சு எவ்வளவோ பண்ணலாம்டா என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஃபாரா என் பக்கத்தில் வந்து நின்று, நான் வரைந்தது அழகாகச் சுற்றுகிறது, திருப்பாதே என்று மலாயில் சொன்னாள். அதோடு அன்றைய அவள் பங்கு வார்த்தைகள் தீர்ந்தன.

கடைசியில் பாஸ் தன் குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

“மண்டலம் இருக்கட்டும். சுத்துறபடியே சுத்தட்டும். நீயும் இரு, ஷாந்தினி.”

அழுகை வரும்போல இருந்தது, அதனால் கோபப்பட்டேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான். வாய் வார்த்தையை நம்பி எங்கள் ஆட்கள் எத்தனை வருடம் எத்தனை பேரிடம் ஏமாந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

“கடிதமா குடுங்க பாஸ்.”

திங்கட்கிழமை தருகிறேன் என்றார்.

“இப்பவே குடுங்க. பிரிண்டர் அங்கதானே இருக்கு.”

நிவேந்திரன் இருமினான். அம்மா திரும்பி, என்னா பேச்சு இது என்பது மாதிரி என்னைப் பார்த்தாள். பாஸ் எழுந்தார். நீ சொல்வதும் நியாயம்தான் என்று பிரிண்டருக்குப் பக்கத்துக் கணினி முன் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். கனிவு முகம் இல்லை அவரிடம், அன்று முழுக்கவே இல்லை. வேலை பார்க்கிறவளிடம் முதலாளி பேசும் முகம். எனக்கு அது போதும்.

அவர் தட்டி, பிழை பார்த்து, பிரிண்டரில் தாள் சிக்கி, அதை இழுத்து, மறுபடி அச்சடித்துக்கொண்டு வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் அவருடைய இருபது கப்பல்களும் எல்லையில் சும்மா நின்றன. ஆட்டத்தை நிறுத்தி வைக்க அவருக்கு நினைவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. கப்பல் கட்டும் இடத்தை அவள் ஒருவழியாகக் கண்டுபிடித்திருந்தாள். ஆறு சூரியன்களின் கனிமத்தையும் கொட்டி மஞ்சள் மஞ்சளாகக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பெரியநாயகியை மூன்று சுற்றுச் சுற்றவிட்டு, கை போன போக்கில் மேற்கே விட்டாள். அந்த வேகத்தில் அவை எல்லை மதிலையும் பிளந்துகொண்டு நடு மண்டலத்துக்குள் போயின. ஹரிதாஸ் பார்த்துவிட்டான், சொல்லவில்லை. ஃபாராவின் அக்கா பார்த்துவிட்டாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் பார்த்தேன்.

பாஸ் கடிதத்தோடு வந்து நின்றபோது அவர் திரையில் பெரிதாக ஒரு செய்தி வந்திருந்தது. அவருடைய தாய்க்கோள் விழுந்துவிட்டது. அங்கே மஞ்சள் கொடி பறந்துகொண்டிருந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் மௌஸிலிருந்து எடுத்துவிட்டாள்.

“ஐயையோ, இது தம்பி ஊடா? எனக்குத் தெரியாதுமா. பாவம், வேல குடுத்த மனுசன். திருப்பிக் குடுத்துரவா?”

நான் கடிதத்தை வாங்கினேன். என் பெயர், என் அடையாள அட்டை எண், ‘நிரந்தரப் பணி’ என்ற சொல், கீழே கையெழுத்து. இரண்டு தடவை படித்தேன். மடித்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

“வேணாம்மா,” என்றேன். “பக்கத்துக் கோளையும் புடி.”